ஒன்றரை மணி நேரம் எங்கே போச்சு?



பேரவை மலருக்குப் படைப்பு கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் எங்க வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. கணக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் எந்த லட்சணத்தில் வருகிறது என்று போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்துபோனது. அந்தக் கணக்கைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

விமானத்தில் ஏறாதவன் விமானத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது வெல்டராகவோ, பிட்டராகவோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போயிருக்கிறார்கள். போகிறவர் ஒருவர்தான். "இந்நேரம் இறங்கியிருப்பானா?" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு குடும்பம். அந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவனே. தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கினார். நைனா கன்டெய்னர் லாரியில் கிளீனராக ஏறி டிரைவர் ஆனவர். அண்ணன் எட்டாவதோடு நின்று பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு துபாய்க்குப் போனான். என் பாலிடெக்னிக் பீஸ் அவன் சம்பளத்தில் இருந்து வருகிறது. அதனால் வீட்டில் பார்ம் நிரப்புவது முதல் பேங்க் செலான் வரைக்கும் எல்லாவற்றுக்கும் "படிச்சவனைக் கேளு" என்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் எங்க ஆயா இறந்துபோனார்கள். அண்ணனை வளர்த்தது ஆயாதான். ராத்திரி அண்ணன் போன் செய்தான். அழுதுகொண்டே, "விடியக்காலம் மூணு மணிக்கு பிளைட்டு கெடச்சிருக்குடா. நாலு மணி நேரம்தான். வந்துடுறேன்" என்றான்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "எத்தினி மணிக்குடா வீட்டுக்கு வருவான்?"

மூணும் நாலும் ஏழு. வெளியே வர ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இருந்து திருவொற்றியூர் வர ஒன்றரை மணி நேரம். "ஒன்பதரைக்கெல்லாம் வந்துடுவான் பெரியப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். ஒன்பதரைக்குப் பையன் வந்து முகம் பார்த்துவிட்டால் பத்தேகாலுக்கு எடுத்துவிடலாம் என்று பெரியவங்க முடிவு பண்ணினார்கள். வண்டிக்கும் மேளத்துக்கும் சுடுகாட்டுக்கும் அந்த நேரத்தையே சொன்னார்கள்.

காலையில் ஏழு ஆனது, ஏழரை ஆனது, எட்டு ஆனது. அண்ணன் போன் ஸ்விட்ச் ஆப். எட்டே முக்காலுக்குத்தான் மணி அடித்தது. "இப்பத்தான்டா எறங்குனேன்." எனக்குக் கை உதறியது. பிளைட் லேட்டா என்று கேட்டேன். "இல்லடா, கரெக்டா வந்துடுச்சு" என்றான்.

ஊரே கூடியாச்சு, ராகுகாலம் வேற. யாரும் காத்திருக்கவில்லை. அண்ணன் பதினொன்று ஐந்துக்கு நேராகச் சுடுகாட்டுக்கு வந்தான். கொள்ளி வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிளைட் லேட் இல்லை. அண்ணன் சொன்னதிலும் தப்பு இல்லை. என் கூட்டலும் சரி. அப்படியானால் அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போச்சு? போனை நாலு தட்டு தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் மூணும் நாலும் ஏழு என்பதற்கு யாராவது போனைப் பார்ப்பார்களா என்ற மிதப்பு எனக்கு. காரியம் முடிந்து வகுப்புக்கு வந்ததும் எங்க சாரிடம் கேட்டேன். அவர் சொல்லித் தந்ததையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் இங்கே தருகிறேன்.

முதலில் தூரம்

"உனக்கு நேரம் தெரியணும்னா முதல்ல தூரம் தெரியணும்" என்று சார் ஆரம்பித்தார்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் சரியாக வராது. பூமி உருண்டை, வரைபடம் தட்டை. நம்ம பசங்க ஆடும் புட்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாக விறைப்பாக நிற்கிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். இதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். விமானம் முடிந்தவரை இந்தப் பாதையை ஒட்டியே பறக்கும்.

நூலுக்குப் பதிலாக நம்மிடம் சயின்டிபிக் கால்குலேட்டர் இருக்கிறது. முதலாமாண்டு கணக்கில் படித்த சைனும் காஸும் போதும். சென்னை விமான நிலையம் இருப்பது வடக்கு அட்சம் 12.99 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80.17 பாகை. துபாய் விமான நிலையம் வடக்கு 25.25, கிழக்கு 55.36. இரண்டு தீர்க்கங்களுக்கும் வித்தியாசம் 24.81 பாகை. இனி சூத்திரம்:

காஸ் (கோணம்) = (சைன் 12.99 × சைன் 25.25) + (காஸ் 12.99 × காஸ் 25.25 × காஸ் 24.81)

முதல் பகுதி 0.0959. இரண்டாம் பகுதி 0.8000. கூட்டினால் 0.8959. இதற்குரிய கோணம் சுமார் 26.38 பாகை. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. அதை 360 ஆல் வகுத்தால் ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கி.மீ. ஆகவே சென்னை–துபாய் தூரம் 26.38 × 111.2, அதாவது சுமார் 2,930 கி.மீ.

இதே கணக்கைச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் போட்டேன் (வடக்கு 1.36, கிழக்கு 103.99). விடை சுமார் 2,920 கி.மீ.! இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர். நம்ம சென்னை இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில் இருக்கிறது. வித்தியாசம் பத்து கி.மீ. அளவு, ராயபுரத்தில் இருந்து எண்ணூர் போகிற தூரம்கூட இல்லை. துபாயில் இருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கணக்குப் போட்டால் சுமார் 5,846 கி.மீ. சென்னையைத் தொட்டுப் போனாலும் பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான் கூடும். அந்தப் பெருவட்டப் பாதை ஏறக்குறைய நம்ம தலைக்கு மேலேயே போகிறது.

விமானிகள் தூரத்தைக் கி.மீ.யில் சொல்வதில்லை, நாட்டிக்கல் மைலில் சொல்கிறார்கள். இது ஹார்பர்க்காரர்களுக்குப் பழகின வார்த்தை. ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. ஏன் இப்படி ஒரு முழுமை இல்லாத எண்? ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலைக்குரிய தூரம் இது. மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் போனால் அது ஒரு நாட். நம்ம துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கும் மேலே பறக்கும் விமானத்துக்கும் ஒரே அளவுகோல்தான்.

ஒரு காலத்தில் எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து சிங்கப்பூருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. நேர்கோட்டில் சுமார் 1,580 நாட்டிக்கல் மைல். 15 நாட் வேகத்தில் ஒரு கப்பல் போவதாக வைத்துக்கொண்டால் 105 மணி நேரம், நாலு நாளுக்கு மேல். விமானம் அதை நாலு மணி நேரத்தில் முடிக்கிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. 2,930-ஐ 850 ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பிறகு ஏன் நாலு மணி நேரம் என்கிறார்கள்?

முதல் காரணம், கிளம்பினதுமே அந்த வேகம் வராது. மேலே ஏறவும் கீழே இறங்கவும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் உண்டு. டிக்கெட்டில் போடும் நேரத்துக்குப் பிளாக் டைம் என்று பெயர். எங்க நைனா லாரியை நிறுத்தினதும் சக்கரத்துக்குக் கல் வைப்பார். விமானச் சக்கரத்துக்கும் அப்படி ஒரு கட்டை வைக்கிறார்கள். புறப்படும் இடத்தில் அந்தக் கட்டையை எடுத்து வண்டி நகர்ந்ததில் இருந்து, இறங்கின இடத்தில் வந்து நிற்கிற வரைக்கும் உள்ள நேரம்தான் பிளாக் டைம். ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

இரண்டாவது காரணம் காற்று. காசிமேட்டில் இருந்து போகும் போட்டுக்கு நீரோட்டம் கூட வந்தால் ஒரு நேரம், எதிர்த்தால் ஒரு நேரம். விமானத்துக்கும் அப்படியே. மணிக்கு 100 கி.மீ. காற்று முதுகில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு 950 கி.மீ. வேகம், 2,930 கி.மீ. கடக்க 3 மணி 5 நிமிடம். அதே காற்று முகத்தில் அடித்தால் 750 கி.மீ. வேகம், 3 மணி 54 நிமிடம். ஒரே தூரம், ஒரே என்ஜின், ஏறக்குறைய 50 நிமிட வித்தியாசம்!

மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே பாயும் பலமான காற்றை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் இது வட இந்தியாவுக்கு மேலே பலமாக வீசும். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம்ம தென்னிந்தியாவுக்கு மேலே, இன்னும் உயரத்தில், காற்று தலைகீழாகக் கிழக்கில் இருந்து மேற்கே பாய்கிறது. இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர்.

காற்றுக்காகவே சுற்றிப் போகும் கதையும் உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானம் 2015 டிசம்பரில் தொடங்கியபோது அட்லாண்டிக் வழியாகப் போனது. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடி 15,300 கி.மீ. ஆனது, ஆனால் காற்று முதுகில் தள்ளியதால் நேரம் குறைந்து பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. குறைந்த தூரம் எப்போதும் குறைந்த நேரம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

மூன்றாவது காரணம், நினைத்த வழியில் எல்லாம் பறக்க முடியாது. 2019-ல் பிப்ரவரியில் இருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தபோது, டெல்லியில் இருந்து மேற்கே போன விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கூடுதல் நேரம், கூடுதல் எரிபொருள்.

இப்போது அந்த ஒன்றரை மணி

சரி, நாலு மணி நேரம் என்பது புரிந்தது. என் தப்பு அதில் இல்லை. "மூணு மணி" என்று அண்ணன் சொன்னானே, அது யாருடைய மூணு மணி?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவனுக்குச் சூரியன் முன்னால் உதிக்கிறது, அதனால் அவன் கடிகாரம் முன்னால் ஓடுகிறது. 1884-ல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் இங்கிலாந்தின் கிரீன்விச் ஊரைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டார்கள். இந்தியா எடுத்துக்கொண்டது 82.5 பாகைத் தீர்க்கம். 82.5 × 4 = 330 நிமிடம். அதனால்தான் நாம் கிரீன்விச்சைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். துபாய் 4 மணி முன்னால். சிங்கப்பூர் 8 மணி முன்னால். சிங்கப்பூர் இருக்கும் 104 பாகைக்குக் கணக்குப்படி 7 மணிகூட வராது. 1982 முதல் மலேசியாவும் சிங்கப்பூரும் 8 என்று வைத்துக்கொண்டன. கடிகாரம் சூரியன் சொன்னபடி மட்டும் ஓடுவதில்லை, அரசாங்கம் சொன்னபடியும் ஓடும்.

இது நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்லை என்று படித்தபோது எனக்கே ஆச்சரியம். 1802-ல் ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் மெட்ராஸ் வான் ஆய்வகத்தை வைத்து மெட்ராஸ் நேரத்தைக் கணித்தார். கிரீன்விச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி நம்ம ராயபுரம் ஸ்டேஷனில் இருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அப்போது பம்பாய்க்கு ஒரு மணி, மெட்ராசுக்கு ஒரு மணி. பம்பாய் நேரம் நமக்கு அரை மணி பின்னால். ஊருக்கு ஒரு மணி வைத்தால் ரயில் ஓட்ட முடியுமா? அதனால் அந்த நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தைப் பொது நேரமாக வைத்துக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் இன்றைய இந்திய நேரம் வந்தது. ராயபுரம் ரயில் காலத்திலேயே பெரியவர்கள் கண்டுபிடித்த பாடம் இதுதான்: கூட்டுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரே கடிகாரத்துக்கு வரவேண்டும்.

நான் அதைத்தான் செய்யவில்லை. துபாய் மூணு மணியை எடுத்து, நாலைக் கூட்டி, ஏழு என்று நம்ம வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். துபாயில் மூணு என்றால் சென்னையில் நாலரை. நாலரையும் நாலும் எட்டரை. அண்ணன் சரியாக எட்டரைக்கு இறங்கினான்.

இதை மனதில் வைக்க ஒரு சுலபமான உதாரணம். மூன்று ஊரிலும் தனித்தனியாகக் காலை 10 மணிக்கு ஒரு விமானம் கிளம்புகிறது. எல்லாமே 4 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

சென்னை – துபாய்: இறங்கும்போது அங்கே பகல் 12.30.
சென்னை – சிங்கப்பூர்: இறங்கும்போது அங்கே மாலை 4.30.
துபாய் – சென்னை: இறங்கும்போது இங்கே பிற்பகல் 3.30.
சிங்கப்பூர் – சென்னை: இறங்கும்போது இங்கே காலை 11.30.

டிக்கெட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்று இரண்டரை மணி, ஒன்று ஆறரை மணி, ஒன்று ஐந்தரை மணி, ஒன்று வெறும் ஒன்றரை மணி போலத் தெரியும். பயணம் என்னவோ எல்லாமே நாலு மணி.

தூர தேசம் போனால் தேதியே மாறிவிடும். 2021 ஜனவரி 9-ந் தேதி இரவு எட்டரை மணிக்குச் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி, வட துருவத்தின் மேலாகப் பறந்து, 11-ந் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பெங்களூரில் இறங்கியது. இரண்டு நாள் பறந்ததா? இல்லை. அங்கே இரவு எட்டரை என்றால் இந்தியாவில் மறுநாள் காலை பத்து. அதில் இருந்து எண்ணுங்கள்: சுமார் 17 மணி நேரம்தான். வரைபடத்தில் பார்த்தால் பசிபிக் கடலைத்தானே தாண்டணும் என்று தோன்றும். புட்பாலில் நூல் பிடித்தால் வட துருவம் பக்கம் போகும்.

வாசலுக்கு வாசல்

கடைசியாக ஒன்று. பயண நேரம் என்பது விமான நேரம் மட்டும் இல்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். இறங்கினதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரிசை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததால் நம்ம பக்கத்தில் இருந்து விமான நிலையத்துக்கு ஒரே ரயிலில் போகலாம். அதற்கும் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். ஆக, நாலு மணி நேரப் பயணம் என்று சொன்னாலும் வாசலில் இருந்து வாசலுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகிவிடும்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது கேட்டால் மூன்று கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள். எந்த ஊர் மணி? பறக்கும் நேரம் எவ்வளவு? இறங்கின பிறகு எவ்வளவு? முதலில் எல்லாவற்றையும் நம்ம ஊர் மணிக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கூட்டுங்கள். துபாய் மணியோடு ஒன்றரை கூட்டு. சிங்கப்பூர் மணியில் இரண்டரை கழி. எங்க வீட்டு பீரோ கதவில் இதை எழுதி ஒட்டியிருக்கிறேன். தெருவில் நாலைந்து பேர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்து அண்ணன் திரும்பிப் போனான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளம்பும்போது, "ராத்திரி ஒன்பதரைக்கு பிளைட்டு, நாலேகால் மணி நேரம் போட்டிருக்கான். அம்மா எவ்ளோ நேரம் முழிச்சிருக்கணும்னு நீயே சொல்லிடு" என்றான். இந்தத் தடவை பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். அவனுக்கு அங்கே 12.15. நமக்கு 1.45. அம்மாவிடம், "ஒண்ணே முக்காலுக்கு எறங்குவான், ரெண்டு மணிக்கு மேல போன் வரும், அதுவரைக்கும் படுத்துக்கோம்மா" என்றேன்.

அம்மா படுக்கவில்லை. போன் ரெண்டு பத்துக்கு வந்தது.

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். நாம் சொல்வதை வீட்டில் யாரும் சரிபார்க்க மாட்டார்கள், அப்படியே நம்புவார்கள். அதனால் நாம்தான் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும். பரீட்சையில் தப்பினால் அரியர் எழுதிக்கொள்ளலாம். எங்க ஆயா முகத்தை அண்ணனுக்குக் காட்ட எனக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு